ஸ்பீக்கருக்குள் போன செருப்பு

மாமியார் ஊரான வலையபட்டியில் முளைப்பாரிக்கு, கும்மிப் பாட்டு தன் பொறுப்பு என்று உதயகுமார் வாக்குக் கொடுத்திருந்தான். கல்யாணமாகி வரும் முதல் திருவிழா. சபையில் வைத்த புது ஸ்பீக்கரோ இரண்டடி பாடிவிட்டுப் படுத்துக்கொண்டது. தட்டினால் பாடியது, கையை எடுத்தால் நின்றது.

கொழுந்தியாள் நிவேதா கேட்டாள்: "மச்சான், பாட்டுப் போடுறீகளா, பிள்ளையத் தட்டித் தூங்க வைக்கிறீகளா?"

வட்டம் கட்டி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்படியே காரைக்குடி பஸ் ஏறி ஓடிவிடலாமா என்று உதயகுமாருக்குத் தோன்றியது.

அவன் மனைவி பாண்டீஸ்வரி, தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கால் ஸ்பீக்கரின் பின்மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே பேட்டரி ஆடிக்கொண்டிருந்தது.

"முட்டுக் குடுக்க மெத்துன்னு ஏதாச்சும் வேணும். செருப்பக் கழட்டுங்க."

"உங்கப்பா வாங்கிக் குடுத்ததுடி!"

"அதான் ரப்பர் நல்லாருக்கும்."

தேங்காய்க்கு வைத்திருந்த அரிவாளால் செருப்பின் குதிகால் பக்கம் ஒரு துண்டு அறுத்துப் பேட்டரிக்கு முட்டாகச் செருகினாள். அப்புறம் கும்மி முடிகிறவரை ஸ்பீக்கர் ஓயவில்லை.

"மாப்பிள்ளை சொன்னபடி செஞ்சுட்டாக" என்று மாமனார் ஊருக்கே கேட்கச் சொன்னார்.

உதயகுமார் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து மனைவியிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"இனி எது ரிப்பேரானாலும் சொல்லு பாண்டி. இன்னொரு செருப்பு முழுசா இருக்கு."