கவுண்டர் பக்கத்துக் கட்டில்

நர்மதாவுக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. அவசர நோயாளிகள் கிடக்கும் வார்டில் அது ஒரு தகுதி. “சாப்பிட்டேன் மிஸ்ஸி” என்றால் தட்டைப் பார்ப்பாள். “வலிக்கல மிஸ்ஸி” என்றால் முகத்தைப் பார்ப்பாள். பிரஷர் சரியாக இருக்கிறது என்று மெஷினே சொன்னாலும், மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை ஒருமுறை கேட்டுக்கொள்வாள். மீன் புதுசு என்று புருஷன் சொன்னாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் என்று சக நர்ஸுகள் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை.

பாலோ ஊரிலிருந்து மீரா பீவியைக் கொண்டுவந்தபோது அவருக்கு நினைவே இல்லை. காலில் இருந்த சர்க்கரைப் புண் சீழ்பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மருந்து ஏற ஏறக் காய்ச்சல் விட்டது, பிரஷர் நிமிர்ந்தது, கண் திறந்தார். இனி பிழைத்துக்கொள்வார் என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில், ஒருநாள் காலை அவருடைய சர்க்கரை சடாரென்று கீழே விழுந்தது.

சர்க்கரை ஏறினால் மெல்ல மெல்லக் கெடுக்கும். இறங்கினால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். மீரா பீவிக்குக் கூடுதல் ஆபத்து ஒன்றும் இருந்தது. இருதயத்துக்காக இரவில் அவர் போடும் மாத்திரை, கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். நெற்றி வியர்த்திருப்பதை நர்மதா பார்த்ததால் அன்று தப்பித்தார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார்.

டாக்டர் நிரஞ்சன் அலட்டிக்கொள்ளவில்லை. “சீழ் கொறைஞ்சிடுச்சு சிஸ்டர். நோய் எறங்கினா இன்சுலின் தேவையும் எறங்கும். அளவைக் கொறைச்சிடலாம். அவ்வளவுதான்.”

நர்மதாவுக்கு ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லே பிடிக்காது. அன்று மதியம் லிஃப்ட் பக்கத்தில் மீரா பீவியின் மருமகள் நுஸ்ரத் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. “ரெண்டு கேப்ஸ்யூல் போட்டா போதும்க்கா. சுகர் தன்னால எறங்கிரும்.”

நுஸ்ரத்தின் புருஷன் நவ்சாத் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கெலாங் பாத்தா எல்லைப் பாலம் வழியாகப் போனால் ராத்திரிதான் திரும்புவான். மாமியைப் பார்க்க மதியமும் மாலையும் வருகிறவள் நுஸ்ரத் மட்டும்தான். அவள் ஆன்லைனில் மூலிகை கேப்ஸ்யூல் விற்பதை அவளிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டாள் நர்மதா. அதற்குமேல் என்ன வேண்டும்? மூலிகை என்று சொல்லி உள்ளே சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைக் கலந்து விற்கும் சரக்கைத் தின்றுவிட்டு லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு மனிதரை, இதே வார்டில் பாதி உயிராக அவள் பார்த்திருக்கிறாள். மீரா பீவியைப்போல் கிட்னி சரியில்லாதவர்களுக்கு, அந்த மாத்திரையை மாலையில் கொடுத்தால் மறுநாள் காலையில் வேலை காட்டும்.

“பெத்த தாயா இருந்தா குடுப்பாளா?” என்று நர்ஸ் கவுண்டரில் முணுமுணுத்தாள்.

“ஆதாரம் இல்லாம பழி போடாதீங்க” என்றார் டாக்டர்.

ஆதாரம் தேடத்தான் அன்றே கட்டிலை மாற்றினாள். ஜன்னலோரம் இருந்த மீரா பீவியை நர்ஸ் கவுண்டருக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டாள். அங்கிருந்து பார்த்தால் நுஸ்ரத் கொண்டுவரும் ஃபிளாஸ்க்கிலிருந்து கைப்பை வரை எல்லாம் தெரியும்.

“ஏம்மா என்னய இங்க மாத்துறே?” என்று கேட்டார் மீரா பீவி.

“சும்மாதாம்மா. பாத்துக்க வசதியா இருக்கும்.”

கிழவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தான் இருந்த ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாளும் சர்க்கரை விழுந்தது. இன்சுலினைக் குறைத்தாயிற்று, ஆனாலும் விழுந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நர்மதாவுக்குப் பயமும் இருந்தது, தான் நினைத்தது சரிதான் என்ற ரகசிய சந்தோஷமும் இருந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டு காலியாகத்தான் வந்தது. தட்டைப் பார்த்த பிறகுதான் இன்சுலின் போட்டாள். சாப்பிடும்போது தலைத்துணியைத் தளர்த்திக்கொள்வார் என்பதால் மீரா பீவி திரையை இழுத்து மூடிக்கொள்வது வழக்கம். அந்த மரியாதைக்காக நர்மதா எட்டிப் பார்க்கவில்லை. எவரையும் நம்பாதவள் ஒரு காலித் தட்டை நம்பினாள்.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. நுஸ்ரத் மதியம் வந்துவிட்டுப் போகும்போது, முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை அவள் கையில் இருக்கும். வரும்போது அது இருக்காது. டாக்டரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய்க் குசுகுசுவென்று சொன்னாள். கட்டிலிலிருந்து மீரா பீவி இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் நுஸ்ரத் பையோடு எழுந்தபோது நர்மதா குறுக்கே போய் நின்றாள்.

“பைய கொஞ்சம் தொறங்க.”

“எதுக்கு மிஸ்ஸி?”

“மாமிக்கு என்ன மருந்து குடுக்குறீங்கன்னு பாக்கணும்.”

நுஸ்ரத்தின் முகம் சிவந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து, பையைக் கவுண்டர்மேல் கவிழ்த்தாள். காலையில் வார்டில் கொடுத்த ரொட்டி, தொடாத அவித்த முட்டை, நசுங்கிய வாழைப்பழம். அவ்வளவும் விழுந்தன.

“இதுதான் மருந்து, நல்லா பாருங்க! ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்கு வெளங்கல, பூனைக்குப் போடுன்னு மாமிதான் கட்டிக் குடுக்குறாங்க. ராத்திரிக்கு நான் கொண்டுவர்ற வீட்டுச் சோத்தைச் சாப்பிடுறாங்களேன்னு நானும் பேசாம இருந்தேன். என் மாமிக்கு நான் வெஷம் வைக்கிறேன்னு நெனச்சீங்களா?”

நர்மதாவுக்கு அவள் பேசியது பாதி கேட்கவில்லை. முட்டையையே பார்த்தாள். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாதவருக்கு இன்சுலின் போட்டிருக்கிறாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். மீரா பீவியின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

விரலில் குத்தினாள். இரண்டு புள்ளி ஆறு. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மருந்து ஏறும் ஊசிக்குழாய் காலையிலேயே கை வீங்கியதால் எடுக்கப்பட்டிருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, டம்ளரில் குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுபோனாள். கிழவி உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

“குடிங்கம்மா! மயங்கிடுவீங்க.”

“பொறும்மா. பொழுது சாஞ்சு மஹ்ரிபு பாங்கு வர்ற வரைக்கும் பொறு.”

நுஸ்ரத்துக்கு அப்போதுதான் புரிந்தது. “மாமி, நோன்பா பிடிச்சிருக்கீங்க?”

மீரா பீவியின் குரல் குழறியது. “புள்ளத்தாச்சியா இருக்கையில விட்டது, பால் குடுக்கையில விட்டது. பொறவு பிடிச்சுக்கலாம்னு கடை, அடுப்புன்னு ஓடிட்டேன். அத்தன களா நோன்பும் அப்படியே கெடக்கு. அத வச்சுக்கிட்டு அல்லா முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்? இந்த மிஸ்ஸி தெனமும் இனிப்புத் தண்ணிய ஊத்தி முறிச்சிடுது. ஒண்ணுகூட முழுசா முடியல.”

“சீக்காளிக்கு நோன்பு கடமையில்ல மாமி. வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கலாம்.”

“அது வீட்டுக்கு வர்றவங்களுக்கு. இந்தக் கட்டில்ல படுத்திருந்த சீனத்தி எங்க போனா? அவளுக்கு முந்தி ஒரு மலாய்க்காரி படுத்திருந்தாளே, அவ எங்க? தேறுனவங்கள ஜன்னல் பக்கம் அனுப்புறாங்க. நான் ஜன்னல் பக்கம் இருந்தவ. என்னயக் கொண்டாந்து இங்க போட்டுட்டு, டாக்டரும் இந்தப் புள்ளயும் மூலையில நின்னு குசுகுசுன்னு பேசுறாங்க. எனக்குத் தெரியாதா?”

நர்மதா கட்டிலையும் கவுண்டரையும் பார்த்தாள். மோசமான நோயாளியைக் கவுண்டர் பக்கத்தில் போடுவது நர்ஸுகளின் வழக்கம். படுத்துக்கிடக்கிறவர்கள் அந்த வழக்கத்தைப் படித்து வைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. முதல் நாள் இறக்கம் டாக்டர் சொன்னதுபோல் சாதாரணமானது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் இந்தக் கட்டில் செய்த வேலை. அவள் மீரா பீவியின் முகத்தருகே குனிந்தாள்.

“அம்மா, நீங்க சாகப் போறதில்ல. புண்ணு ஆறிக்கிட்டு வருது. உங்க மருமக மேல சந்தேகப்பட்டுத்தான் இங்க மாத்தினேன். வேற ஒண்ணுமே இல்ல.”

மீரா பீவி நம்பவில்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்படியும் நர்மதாவின் முகத்தில் பொய்யைத் தேடினார். பிறகு கழுத்தை மெதுவாக நுஸ்ரத் பக்கம் திருப்பினார்.

“நீ சொல்லு. இது சொல்றது நெசமா?”

நுஸ்ரத் நர்மதாவைப் பார்த்தாள். கவுண்டர்மேல் சிதறிக்கிடந்த ரொட்டியைப் பார்த்தாள். திட்ட வேண்டியது எவ்வளவோ இருந்தது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, டம்ளரைத் தன் கையில் வாங்கினாள்.

“நெசந்தான் மாமி. இவங்க லேசுப்பட்ட ஆளு இல்ல. மவுத்தே உசுரெடுக்க வந்து நின்னாலும், பையத் தொறந்து காட்டுன்னு கேட்டு வாசல்லயே நிறுத்தி வச்சிருப்பாங்க. குடிங்க.”

மீரா பீவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிஸ்மி சொல்லி, வாயைத் திறந்தார்.