நடுக்கதவு

அறுக்கும் மெஷினின் வயரை அவள் பிளக்கில் சொருகிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கத்தினான்.

"பொறி அப்பா மேல விழும். இரு, ஈரப் போர்வை போத்திடறேன்."

"இரு" என்றானே, அதுவே பெரிய விஷயம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசியதே இன்று காலையிலிருந்துதான்.

அப்பா விடிகாலையில் போய்விட்டார். பட்டறைக்காரர். கேட், கிரில், படிக்கட்டு என்று ஊருக்கெல்லாம் இரும்பை ஒட்டிக்கொடுத்தவர். பட்டறையில் தன்னிடம் வேலை பார்த்தவனையே மகள் கட்டிக்கொண்டு வந்து நின்றதும், "இனிமே ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார். அப்படிச் சொல்கிற அப்பாக்கள் பேரப்பிள்ளை பிறந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். இவர் அந்த ரகமில்லை. மாடி வீடு அம்மாவழியில் வந்தது. முன்பாதியை அம்மா மகளுக்கு எழுதிவைத்ததை அவரால் தடுக்க முடியவில்லை. முடிந்ததைச் செய்தார். இரண்டு பாதிக்கும் நடுவிலிருந்த இரும்புக் கதவை நிலையோடு சேர்த்துச் சுற்றிலும் வெல்டிங் வைத்தார். பழைய படி மகளின் முன்பாதியோடு போய்விட்டதால், தங்கள் பின்பாதியிலிருந்து தெருவில் இறங்க, வெளிச்சுவரில் ஒரு சுருள் படிக்கட்டு செய்து மாட்டினார். தோளைக் குறுக்கிக்கொண்டுதான் அதில் இறங்கலாம். மூட்டுவலி வந்தபிறகு அம்மா இறங்குவதே இல்லை. மகளுக்கு ஏற அனுமதி இல்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இன்றைக்குத்தான் அவருக்குப் பலித்தது. அந்தப் படியில் பிணத்தைப் படுத்தவாக்கில் இறக்க முடியாது.

நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கலாம் என்றுதான் அண்ணன் முதலில் சொன்னான். "அவர மூட்டை மாதிரி இறக்க விடமாட்டேன்" என்று அம்மா அழுதது இந்தப் பக்கம்வரை கேட்டது. அதன்பிறகுதான் கதவைத் தட்டி, அண்ணன் பேரம் பேசினான்.

"திறந்துக்கலாம். ஆனா எல்லாம் முடிஞ்சு வந்ததும் மறுபடி மூடிடணும். அப்பா மூடினது மூடினபடியே இருக்கணும். எனக்கு அந்த வேலை தெரியாது. உன் வீட்டுக்காரன்தான் மூடணும். சம்மதமா?"

"சம்மதம்ண்ணே."

திறந்த கதவைப் போய், அதுவும் சாவு விழுந்த அன்றைக்கே, யாராவது மூடச் சொல்வார்களா? அம்மா ஒருதரம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அண்ணன் வாயைத் திறக்கமாட்டான் என்று நம்பினாள்.

கணவன் இடுக்கில் பிளேடை விட்டு அறுத்தான். பாதியில் நிறுத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "என்னமா ஒட்டியிருக்கார் மனுஷன்! ஊசி போக எடமில்ல" என்றான். அதைக் கேட்டு அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கதவு திறந்தது. அப்பாவின் போர்வையில் பொறி பட்டுச் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தாள். செத்தால் முகம் சாந்தமாகிவிடும் என்று யார் சொன்னது? கோபம் அப்படியே இருந்தது. தலைமாட்டில் அம்மா பாதியாக வற்றிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இளைச்சுட்டியேடி" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலையும் மேஜையையும் ஒதுக்கி அவள் துடைத்துவைத்திருந்த கூடத்தின் வழியாக அப்பாவைக் கொண்டுபோனார்கள். "கடைசியில மக வீட்டு வழியாத்தான் போகணும்னு இருக்கு பாரு" என்றது தெருவிலிருந்து ஒரு குரல். கணவனும் தோள் கொடுத்தான். அண்ணன் நகர்ந்து இடம் விட்டான். அவளுக்கு நம்பிக்கை கூடியது.

ஆண்கள் திரும்பி வந்தபோது அம்மா அவளுடைய சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "இந்த ஜன்னல்ல காத்து நல்லா வருதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா. நம்ம பக்கம் வா" என்றான் அண்ணன். "மூடணும்."

"அம்மா இங்கயே இருக்கட்டும்ண்ணே. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"தாராளமா இருக்கட்டும். அப்புறம் எனக்கும் அம்மாவுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

குரலும் அப்பாவின் குரலேதான். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னா செய்வான்டி. அப்பா மாதிரி." பிறகு, ஆறுதல் சொல்வதுபோல, "நீ நாங்க இல்லாம இருந்து பழகிட்ட. அவன் பழகல" என்றாள்.

நிலையைப் பிடித்து அந்தப் பக்கம் தாண்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

வெல்டிங் மெஷினை இழுத்துவந்த கணவன், ஒட்டுகிற குச்சியை அதில் மாட்டாமலே நின்றான். "என் கையால முடியாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

"சொன்ன சொல் என்னாச்சு?" என்றது கதவு.

கல்யாணத்துக்குப் பிறகு தாங்களே போட்ட பட்டறையில் கணவனுக்குச் சமமாக வேலை பார்ப்பவள் அவள். குச்சியை மாட்டினாள். அறுத்த இடுக்கு அகலமாகியிருந்தது. இரும்புப் பட்டை வைத்து, மேலிருந்து ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் செய்தாள், ஆனால் ஒட்டு கோணவில்லை. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வந்தாள். கீழ்மூலைக்குப் போகக் குனிந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மெதுவாகத் தட்டியது. ஒட்டப்போகிற இடத்துக்கு நேர் பின்னால்.

முகமூடியைத் தூக்கிக்கொண்டாள்.

"கைய எடும்மா" என்றாள். "சுடும்."

தட்டுவது நின்றது. அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள்.