யாரும் இல்லாத நேரம் பார்த்து

அந்தக் கம்ப்யூட்டர் சில நாட்களாகவே அவனை நச்சரித்துக்கொண்டிருந்தது. புது அப்டேட் வந்திருக்கிறதாம், போட்டுக்கொண்டால் எல்லாம் சுகமாகிவிடுமாம். போன தடவை போட்டபோது பிரிண்டர் படுத்துக்கொண்டது. அதற்கு முந்தின தடவை, வருஷக்கணக்காகக் கூடவே குடித்தனம் நடத்திய மைக்கை யாரென்றே தெரியாது என்று சாதித்தது. "இப்போது" என்று ஒரு பொத்தான், "பிறகு" என்று ஒரு பொத்தான். "வேண்டவே வேண்டாம், ஆளை விடு" என்று மூன்றாவதாக ஒன்று வைக்க மட்டும் அந்தப் புண்ணியவான்களுக்கு மனசு வரவில்லை. அவன் தினமும் காலையில் "பிறகு" என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தான்.

வேலை என்றால் ஒலிப்பதிவு. லிஃப்டுக்கும் பஸ்ஸுக்கும் பேசும் குரல்களை அவன்தான் பதிவு செய்து கொடுப்பான். "கதவுகள் மூடுகின்றன, தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்று தேனாக ஒழுகுகிற குரல்கள். இருப்பது ஒரே அறை. மைக்கும் கம்ப்யூட்டரும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன. அதனால் பதிவு தொடங்கியதும் அவன் கம்ப்யூட்டரின் எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிடுவான். வெளிச்சம் வாசிப்பவர் கண்ணைக் குத்தாமல் திரைமேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துவான். கீபோர்டைத் தொடவே மாட்டான், ஒரு தட்டுத் தட்டினாலும் மைக் அதைப் பிடித்துவிடும். முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து, கடைசியில்தான் சேமிப்பான்.

அன்று மதியம் வந்திருந்தது அவனுடைய அக்கா. மறுநாள் காலையில் அவளுக்கு ஆபரேஷன். தொண்டையில் கட்டி முற்றிவிட்டது, குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குப் பிறகு வாயசைக்கலாம், சத்தம் வராது. ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட் தருவார்கள், பொத்தானைத் தொட்டால் அது பேசும். அதில் யாரோ ஒருத்தியின் குரல் இருக்கும். வேண்டுமென்றால் முன்கூட்டியே சொந்தக் குரலில் பதிவு செய்து கொண்டுவரலாம் என்றிருந்தார்கள்.

அக்கா நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனையில் கால் உதறுகிற பிள்ளையின் காதைப் பிடித்து இழுக்கிற குரல் அவளுக்கு. இப்போது அது தேய்ந்துபோய், கொஞ்ச நேரம் பேசினாலே வெறும் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓய்வெடுத்து ஓய்வெடுத்து இன்றைக்காகச் சேர்த்துவைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "'எனக்குத் தண்ணீர் வேண்டும். எனக்கு வலிக்கிறது. உங்கள் அன்புக்கு மிக்க நன்றி.' எவன்டா எழுதினது இதை? பொறந்ததிலேருந்து நான் இப்படிப் பேசி நீ கேட்டிருக்கியா?"

"படிச்சிடு அக்கா. குரலை வீணாக்காத."

அவள் படித்தாள். அடங்காப்பிடாரி என்று சொந்தபந்தம் முழுக்கப் பேர் வாங்கியவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாக, அடிவயிற்றிலிருந்து குரலை இழுத்து இழுத்துப் படித்து முடித்தாள். அவன் மூச்சுக்கூடப் பலமாக விடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் எழுந்து துணியை எடுத்தான்.

திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "அப்டேட் நடக்கிறது. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்."

சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒருவழியாக விழித்துக்கொண்டு, "வணக்கம்! உங்களுக்காக எல்லாவற்றையும் இன்னும் சிறப்பாக்கியிருக்கிறோம்" என்று பல்லை இளித்தது. ஓரத்தில் வெயில் எவ்வளவு என்று வேறு காட்டியது. யார் கேட்டார்கள் வெயிலை? நீங்கள் பயன்படுத்தாத நேரம் பார்த்து, உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் முடித்துவிட்டோம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. சத்தம் வரக் கூடாதென்று அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததை, ஆளே இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது அந்த அறிவுக்கொழுந்து. எச்சரிக்கை காட்டியிருக்கும். துணிக்கு அடியில், சத்தத்தை அடைத்த வாயால்.

பதிவைத் தேடினான். மூலை முடுக்கெல்லாம் தேடினான். சுத்தமாக இல்லை.

"அக்கா," என்றான்.

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "போச்சா?"

"எல்லாம் போச்சு. என் தப்புதான். தினமும் கேட்டுச்சு, நான்தான் தள்ளிக்கிட்டே வந்தேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன்னால இன்னொரு தடவை படிக்க முடியுமா?"

அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். குரல் இப்போதே பாதி கரகரப்பு, பாதி காற்று. "கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு," என்றாள். தாளை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "அதை 'மிக்க நன்றி'க்கா செலவழிப்பேன்? மைக்கைப் போடு. நான் பேசுறதைப் பேசுறேன்."

அவன் இன்டர்நெட் வயரைப் பிடுங்கி எறிந்தான். துணியைப் போர்த்தவில்லை. தொழில் மரியாதை எல்லாம் உடைப்பில் போகட்டும் என்று, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கீபோர்டை ஓங்கித் தட்டிச் சேமித்தான்.

"ஏங்க, டீ ஆறிப்போச்சு. குடிக்கக் கேட்டேனா, குளிக்கக் கேட்டேனா?" இது அவள் புருஷனுக்கு.

"ஊசி போடுறியா, கிணறு தோண்டுறியா?" இது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு.

"பரவாயில்ல, நான் இருக்கேன்ல." இது யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.

கடைசியாக அவனை நேராகப் பார்த்தாள். குளத்தின் மறுமுனைக்குக் கத்துகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாயை மூடுடா, ஊருக்கே கேக்குது!" என்றாள். கடைசி எழுத்து காற்றாகப் போயிற்று. அவன் தட்டிச் சேமித்தான். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசி அவன் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உட்கார்ந்து எழுதிக் காட்டுகிற அளவுக்குத் தேறியதும், அவன் அந்த வாக்கியங்களை எல்லாம் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தான். மறுநாள் போனபோது அவள் கழுத்தில் கட்டோடு, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். நீலத் திரை. நடுவில் ஒரு சக்கரம்.

அப்டேட் அனுப்பினவர்கள்மேல் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன்டா, உங்களுக்கு வேற பொழப்பே கிடையாதா? குரலே இல்லாதவ கையில இருந்து வாயையும் பிடுங்கிட்டுப் போறீங்களே, நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கிறீங்களா?" என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் கதவருகே வந்து நின்றார். அக்காவின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய ஒவ்வொரு சொல்லும் வரிசை தப்பாமல் அவன் வாயிலிருந்து வந்தது. அக்கா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

அதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. வணக்கம் என்றது திரை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் விரலால் இங்கும் அங்கும் தேடி, ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"வாயை மூடுடா, ஊருக்கே கேக்குது!"

குரலின் வாலில், அவன் கீபோர்டை ஓங்கித் தட்டிய சத்தமும் சேர்ந்தே கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் பதிவு செய்ததிலேயே மோசமான பதிவு அதுதான்.

"இன்னொரு தடவை போடு அக்கா," என்றான்.