கடைமடையின் முறை

கொடுமுடிப் பக்கத்துக் கிளை வாய்க்காலில் தண்ணீர் முறைக்காக வருஷா வருஷம் அடிதடி. ஒருவரை ஒருவர் நம்பாத அந்த ஜனங்களுக்காகத்தான், கோயம்புத்தூர் கணபதியில் புரோகிராமராக இருக்கும் அந்த ஊர்ப் பெண் சண்முகப்பிரியா ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது முறையைத் தானே நடத்தும் புரோகிராம், எழுதினாள். யாரும் அழித்தெழுத முடியாத பொதுக் கணக்கான பிளாக்செயினில் ஏற்றிவிட்டால், விலகுகிறவர் பெயரை அது தானே நீக்குமே தவிர, சுற்று முடியும்வரை எழுதியவளே நினைத்தாலும் வரிசையை மாற்ற முடியாது. முறைக்காரர் தன் போனில் அழுத்தினால்தான் மதகு திறக்கும்.

இரண்டாவதாக இருந்த சீனிவாசலு சொந்தமாகப் போர்வெல் போட்டுக்கொண்டு முறையிலிருந்து விலகினார். வந்தது வினை. அரே எனும் பெயர் அடுக்கில் நடுவே ஒரு பெயர் போனால் பின்னால் இருக்கும் எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்த வேண்டும்; பிளாக்செயினில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காசு என்பதால் அதற்குக் கட்டணம் அதிகம். அதனால் கடைசிப் பெயரைத் தூக்கிக் காலி இடத்தில் போட்டுவிடுவது புரோகிராமர்களின் வழக்கம்; அவளும் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டிருந்தாள். வரிசை முக்கியமில்லாத இடத்தில் அது சரி. இங்கே வரிசையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

வரிசையில் கடைசியாக இருந்த கடைமடைக்காரர், அவள் அப்பா தம்பிதுரை, இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, அம்மணி எழுதுனா அப்பனுக்குத்தான் தண்ணி பாயுமுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அப்பாவுக்கு முந்தின தோட்டத்துக்காரர் நஞ்சப்பன். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் எல்லோரையும் கூட்டித் தப்பு தன்னுடையது என்றாள். அப்பா தன் முறைத் தண்ணீரை அடுத்திருக்கும் ராசாத்தாளுக்கு விடட்டும், ராசாத்தாள் தன் முறையை அடுத்தவருக்கு, இப்படியே போய், இப்போது கடைசி முறைக்காரராகிவிட்ட நஞ்சப்பன் அப்பாவுக்கு விடட்டும். பழைய வரிசை அப்படியே வந்துவிடும் என்றாள்.

அப்பா அவளைத் தனியே அழைத்தார். "அதுக்குள்ள நஞ்சப்பன் வாழை நனைஞ்சிருமே கண்ணு. கடைசில கை விரிச்சுப்போட்டா?"

"தெரியலீங்கப்பா."

ஆனாலும் அவர் ராசாத்தாளுக்கு விட்டார். முறை ஒவ்வொருவராகக் கை மாறி வந்து நஞ்சப்பன் தோட்டமும் நனைந்தது. அதற்குள் தம்பிதுரையின் வாழை இலைகள் தொங்கிவிட்டன.

கடைசி நாள் காலை. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தவளின் போனில், அன்றைய முறைக்கு நஞ்சப்பன் பெயர். தண்ணீரை அப்பாவுக்கு விட வேண்டும் என்று அவள் எழுதிய புரோகிராமில் ஒரு வரி கிடையாது. மதகு திறந்ததாகத் தகவல் வந்ததும் பதறி வாய்க்காலுக்கு ஓடினாள்.

நஞ்சப்பன் தன் மடையை மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பனை மம்பட்டியோட வரச்சொல்லு அம்மணி. தண்ணி வருது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனில் இன்னும் நஞ்சப்பன் பெயர்தான் இருந்தது. தண்ணீர் அவர் தோட்டத்தைத் தாண்டி, கடைமடைக்குப் போய்க்கொண்டிருந்தது.