தாய் போர்டுக்கு ஒரு பொட்டு

போடியில் பலவேசம் முதலாளியின் ஏலக்காய்க் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவானது. இரண்டு மதர்போர்டுகளைச் சோதித்து, எது தேறும் என்று சொல்லும் பொறுப்பு, ஆறு மாதமாகத் தற்காலிக வேலையில் இருந்த ஆபரேட்டர் சாராளுக்கு வந்தது. சரியாகச் சொல்லிவிட்டால் வேலை நிரந்தரம். புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு வாடகை வீட்டில் கிடக்கிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒரு போர்டு மதராஸிலிருந்து வந்தது. மற்றது முதலாளியின் மச்சினன் வைகுண்டராஜ் விற்கக் கொண்டுவந்தது. அவனுடைய பெட்டியின் முகப்பில் வேகத்தைக் காட்டும் எண் 12 என்று சிவப்பாக எரியும். மதராஸ் பெட்டியில் 10. முதலாளிக்கு அந்த எண்ணே போதும். சாராள் அப்படி விடுகிறவளா? ஆயிரத்து இருநூறு வியாபாரிகளின் பெயரை இரண்டிலும் ஏற்றி, வரிசைப்படுத்தவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். மச்சினன் போர்டு இரண்டு நிமிஷம் முந்தியது, நிஜந்தான். ஆனால் மத்தியானம் தோட்டத்து மோட்டார்கள் ஓடிக் கரண்டு இறங்கியதும், சோதித்த மூன்று நாளும் அது உறைந்து நின்றது. மதராஸ் போர்டு அசைந்துகொடுக்கவில்லை. ‘நிலையானது’ என்று அதற்கு நேரே எழுதினாள். சூடு பார்ப்பதற்காக அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் ஆயுத பூஜை. தராசு, சல்லடை, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்திருந்த வைகுண்டராஜ், சந்தனக் கிண்ணத்தோடு மூடியில்லாத பெட்டியிடம் வந்தான். மதர் என்றால் தாய்தானே, தாய் வெறும் நெற்றியோடு இருக்கலாமா என்று சாராளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அவள் கிறிஸ்தவ வேதக்காரி, வாயைத் திறந்தால் பூசைக்குக் குறுக்கே நின்றவளாகிவிடுவாள். அந்த எமகாதகனுக்கு அது நன்றாகத் தெரியும்.

தண்ணீராகக் கரைத்த சந்தனத்தை அள்ளி அப்பினான். போர்டு முழுக்க வழிந்தது. பூசை நேரத்தில் மிஷின் ஓடினால்தான் லட்சணம் என்று சொல்லி, அவனே சுவிட்சில் கை வைத்தான். அதற்குமேல் சாராளுக்குப் பொறுக்கவில்லை.

"மொதலாளி, காய விடச் சொல்லுங்க. ஈரத்தோட போட்டா செத்துப்போகும்."

அவன் போட்டேவிட்டான். சடசடவென்று சத்தம் வந்தது. சூடப் புகையோடு கருகல் நாற்றமும் சேர்ந்துகொண்டது. பெட்டி அணைந்துபோயிற்று.

"அவுக வாயில வந்தது அப்படியே பலிச்சிருச்சு மச்சான்" என்றான் வைகுண்டராஜ், ரொம்ப வருத்தப்படுகிறவன் போல.

சாராள் பதறிப்போய் நோட்டை நீட்டினாள். முதலாளி அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"பூச நேரத்துல சொல்ற வார்த்தையா ஆத்தா அது? நாளையிலருந்து நீ இங்கன வர வேண்டாம்."

ஆறு மாத உழைப்பு ஒரு வார்த்தையில் போயிற்று. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரந்தான் வந்தது. வாசலில் வைகுண்டராஜ் பொரிப் பொட்டலத்தை நீட்டி, பிள்ளைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னான். வீட்டில் இரண்டும் காத்திருக்கும். வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்போது விளக்குகள் மங்கின. தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. திரும்பிப் பார்த்தாள். பூசைக்காக ஓடவிட்டிருந்த மச்சினனின் பெட்டி, ஒரு வியாபாரியின் பாதிப் பெயரில் உறைந்து நின்றது. முகப்பில் 12 மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.