பீஸ் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்த காலை

வேலப்பம்புதூரில் பத்தொன்பது நாட்களாகத் தறி ஓடவில்லை. பல்லடத்திலிருந்து சூலூர் போகும் வழியில், நாற்பத்திரண்டு விசைத்தறிக் கூடங்களைக் கொண்ட ஊர் அது. தறியின் இரைச்சலுக்கு மேலே கத்தியே பேசிப் பழகிய மக்கள், இரைச்சல் நின்ற பிறகும் குரலைத் தணிக்கத் தெரியாமல் இருந்தனர்.

நூலும் பாவும் வியாபாரி கொடுப்பார். நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை முப்பத்திரண்டு ஊர்கள் சேர்ந்த கூட்டுச் சங்கம் வியாபாரிகளோடு பேசி முடிக்கும். பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம். அப்போது ஒவ்வொரு தறிக்காரரும் தம் கூடத்து மின்பெட்டியின் பீஸ் கட்டையைப் பிடுங்கி வந்து, சங்கக் கட்டடத்தில் ஒரு சாக்கில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். கட்டை இல்லையேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் கள்ளத்தனமாக ஒரு முழத் துணியும் இல்லை. ஒருவரை ஒருவர் நம்புவதற்காக அந்த எளிய மக்கள் தாமே போட்டுக்கொண்ட பூட்டு அந்தச் சாக்கு!

1993ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, அந்தப் பூட்டைத் திறந்தவர் ஊர்க் கிளையின் தலைவர் பொங்கியண்ணன். சங்கத்தை விட்டு விலகுவதா வேண்டாமா என்று பத்து மணிக்கு வாக்கெடுப்பு. எட்டு மணிக்கே அவர் சாக்கை அவிழ்த்து, கட்டைகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்.

"முடிவுதான் தெரிஞ்சு போச்சுங்களே! மாட்டி வெச்சுக்குங்க. கூட்டம் முடிஞ்சதும் சரவெடி வெடிக்கும். சத்தங் கேட்டதும் தறியை ஓட உடுங்க."

தம் மனைவி பழனாத்தாளிடம் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்: "மொத ஓசை நம்மூட்டுல இருந்து வரோணும், அம்மணி."

பொங்கியண்ணன் பணத்துக்கு விலைபோனவர் அல்லர். தம் ஊரின் உழைப்பை மற்ற ஊர்கள் உறிஞ்சுவதாக உளமார நம்பியவர். "முப்பத்தொரு ஊரு மூட்டையை நம்ம முதுகு எதுக்குங்க சொமக்கோணும்?" என்று அவர் தெருமுனைகளில் கேட்ட கேள்வி ஊரையே உலுக்கியிருந்தது. கோயம்புத்தூர் ஜவுளி வியாபாரி கிருபாசங்கர் அந்த நெருப்புக்கு நெய் வார்த்தார். சங்கத்தை விட்டு வந்தால் மீட்டருக்குப் பத்துப் பைசா கூடுதல். ஆண்டு முழுவதும் வெளிநாட்டுப் படுக்கை விரிப்பு ஆர்டர். இதுவே அவர் வாக்கு.

ஆர்டர் கொடுக்க வந்திருந்தவர் யோனாஸ் என்ற லித்துவேனியாக்காரர். சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட சின்னஞ்சிறு நாடு அது. அதைக் கேள்விப்பட்டதும் பொங்கியண்ணன் துள்ளிக் குதித்தார். விலகி வாழ்ந்து காட்டும் ஒரு நாட்டின் மனிதரை மேடையேற்றினால், பிறகு எதிர்ப்பேது?

"அவருக்குத் தமிழ் தெரியாதுங்களே, எதுக்கு வீண் சிரமம்?" என்று தயங்கினார் கிருபாசங்கர்.

"அதுக்கு ஆள் புடிச்சுப்போட்டனுங்க" என்றார் பொங்கியண்ணன்.

அந்த ஆள் அமலி. கோவையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முன்பு ரஷ்ய மொழி படித்து, ஆலை இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கித் தந்தவர். ஒன்றியம் உடைந்த பிறகு அந்த வேலை அவரைத் தேடி வரவில்லை.

பத்து மணிக்குச் சங்கக் கட்டடம் நிரம்பியது. வாசல் வேம்பிலிருந்து பத்தாயிரம் வாலா சரவெடி தொங்கியது. முன்வரிசையில் செல்லாத்தாள் அமர்ந்திருந்தார். ஆறு தறிகளைத் தனியாளாய் ஓட்டும் பெண்மணி. விலகலை வெளிப்படையாக எதிர்த்த ஒரே ஆள்.

"ஏனுங்க பொங்கியண்ணா, ஓட்டுப் போடறக்கு முன்னாலயே சாக்கைக் காலி பண்ணிப்போட்டீங்க. அப்பறம் எதுக்கு இந்தக் கூட்டம், மிச்சருக்கா?" என்றார் அவர். கூடம் சிரித்தது.

"மிச்சர் உங்களுக்கு ஒரு பொட்டலம் சேத்தியே தாரேன், அக்கா. மொதல்ல இவரைக் கேளுங்க" என்று யோனாஸை முன்னே நிறுத்தினார் பொங்கியண்ணன். "அம்மணி, கேளுங்க. இவங்க நாடு அந்தக் கூட்டத்தை உட்டு வெளிய வந்துச்சே, லாபமா நட்டமா?"

அமலி ரஷ்ய மொழியில் கேட்டார். யோனாஸ் சற்றுத் தயங்கினார். எந்த மொழியினரை விட்டு விலகினாரோ, அவர்கள் மொழியிலேயே விலகலைப் பற்றிப் பேச வேண்டிய நிலை! நெட்டையான அம்மனிதர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். அமலி வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார்.

"பிரிஞ்ச அடுத்த குளிர்காலத்துல எங்களுக்குக் கிடைச்ச எரியெண்ணெய்க்கு ரஷ்யாக்காரங்க சொன்னதுதான் விலை. வீட்டைச் சூடாக்க வழியில்லை. கோட்டு, தொப்பியோட படுத்தோம். வாங்குன சம்பளம் மாசக் கடைசிக்குள்ள பாதியாச்சு."

கூடத்தில் முணுமுணுப்பு. பொங்கியண்ணனின் முகம் சுருங்கியது.

"மறுபடியும் அப்படியொரு நாள் வந்தா என்ன செய்வாருன்னு கேளுங்க!"

யோனாஸ் நிமிர்ந்தார். ஒரே சொல்.

"வெளியேறுவேன்" என்றார் அமலி.

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது! பொங்கியண்ணன் இரு கைகளையும் உயர்த்தினார். ஆனால் யோனாஸ் முடிக்கவில்லை.

"எங்களை யாரும் கேட்டுச் சேர்க்கலை. டாங்கியைக் கொண்டாந்து சேர்த்தாங்க. என் அண்ணனைச் சைபீரியாவுக்கு ஏத்திட்டுப் போனாங்க, திரும்பி வரலை. அதனால பட்டினி கிடந்தும் வெளியேறுனோம்." அமலி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "உங்களை யார் சேர்த்தாங்கன்னு கேக்கறாருங்க."

சுவரில் சங்கத்தின் தொடக்க உறுப்பினர் பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் மூன்றாவது கையெழுத்து பொங்கியண்ணனுடையது.

"நாமளேதான் சேந்தோம், வேற எவன் சேத்தான்?" என்றார் செல்லாத்தாள்.

அதன் பிறகு யோனாஸ் தம் கைப்பையைத் திறந்து, நன்றி சொல்ல விரும்புவதாகக் கூறி, ஒரு தாளை எடுத்தார். கிருபாசங்கரின் பம்பாய் ஏஜெண்டு ரஷ்ய மொழியில் எழுதிய ஒப்பந்தக் கடிதம் அது. தாளைக் கண்டதும் கிருபாசங்கர் எழுந்துவிட்டார்.

"அதெல்லாம் யாவார விசயமுங்க, அம்மணி. அதை உடுங்க. நேரமாச்சு பொங்கியண்ணா, கையைத் தூக்கச் சொல்லுங்க."

அமலி தாளைப் படித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்னங்க போட்டிருக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

"வேண்டாங்க... நீங்களே அவரைத் தனியா..."

"சொல்லுங்க அம்மணி! நான்தானுங்க உங்களைக் கூட்டியாந்தேன். ஊருக்கு முன்னாலயே சொல்லுங்க!"

அமலி வரி வரியாகப் படித்துச் சொன்னார். "இந்த ஊர் சங்கத்தை விட்டு வந்த மூணாவது மாசத்திலிருந்து, இப்ப இருக்கற கூலியில மூணுல ஒரு பங்கு குறையும். தனியா நிக்கற ஊருக்குப் பேரம் பேச வழியில்லை. அதனால விலை ஏறாதுன்னு உறுதி தாறோம். இப்படித்தான் எழுதியிருக்குதுங்க. அதுக்குத்தான் அவரு நன்றி சொல்றாரு. எங்க ஜனங்க ஏழையாயிட்டாங்க. அவங்க வாங்கற விலைக்கு விரிப்புக் கிடைக்கணும்னு நீங்க கூலியைக் குறைச்சுக்கிட்டீங்களாமே, உங்களை மறக்க மாட்டோம்னு சொல்றாரு."

இடி விழுந்தது போல் இருந்தது கூடம். வஞ்சகனின் வாயிலிருந்து வந்த சொல் அல்ல அது. நல்லவர் ஒருவர் நன்றியோடு நீட்டிய தாள்! நாற்பது முகங்கள் பொங்கியண்ணனையே பார்த்தன. தமக்கும் இது தெரியாது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

"கிருபாசங்கரு..." என்று அவர் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் கார் உறுமியது. வேம்படியில் குனிந்திருந்த அதன் டிரைவர் தீப்பெட்டியோடு நிமிர்ந்து, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

சரவெடி வெடித்தது.

"ஐயோ, அமத்துங்கடா! தண்ணிய ஊத்துங்க!" என்று கத்தினார் பொங்கியண்ணன். யார் அணைப்பது? பத்தாயிரம் வெடியும் தீருமுன்னே அதற்கு அடியிலிருந்து வேறோர் ஓசை கிளம்பியது. தடக், தடக், தடக். ஊரின் முதல் தறி. அது எந்த வீட்டுத் தறி என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அவர் ஓடினார். வேட்டி தடுக்க, செருப்பைத் தெருவில் விட்டு ஓடினார். அவர் ஓட ஓட, இரு மருங்கிலும் கூடத்துக்குக் கூடம் தறிகள் உயிர்பெற்றன. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தலைவர் சொன்ன வெடி வெடித்தது. தலைவர் சொன்னபடி தறி ஓடியது. வாக்கு ஒன்றுகூட விழாமலே ஓர் ஊர் வெளியேறிக்கொண்டிருந்தது!

தறிக்கூட வாசலில் பழனாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "நம்முளுதுதானுங்க மொதல்ல! கேட்டுச்சுங்களா?"

பொங்கியண்ணன் அவளைத் தாண்டிப் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். எட்டுத் தறிகளும் நின்றன.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க? நீங்க சொன்ன வெடிதானுங்களே?"

"நாஞ் சொன்னதுதான், பழனா. எல்லாமே நாஞ் சொன்னதுதான்" என்றார் அவர்.

அவர் திரும்பி வந்தபோது சங்க வாசலில் செல்லாத்தாள் சாக்கை விரித்துப் பிடித்திருந்தார். தம் கட்டையை அவர் ஏற்கெனவே பிடுங்கி வந்து உள்ளே போட்டிருந்தார். ஏதாவது சுடுசொல் வரும் என்று காத்திருந்த பொங்கியண்ணனிடம், "போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்தில் இருந்தவர்களில் பதினைந்து பேர் ஓடிப்போய்க் கட்டையோடு வந்தனர். மற்றவர்கள் வரவில்லை. "ஓடற தறிய எதுக்குங்க நிறுத்தறது? ரெண்டு மாசம் கூடுதலா வாரதை உடச் சொல்றீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார் குமாரசாமி. நேற்றுவரை பொங்கியண்ணனின் நிழலாக நடந்தவர் அவர். மதியத்துக்குள் அடுத்த அதிர்ச்சியும் வந்தது. வேலப்பம்புதூர் சங்கத்தை விட்டுப் போய்விட்டது என்று கேட்டு, சூலூர்ப் பக்கத்தில் நான்கு ஊர்கள் சாக்கை அவிழ்த்துவிட்டனவாம்.

யோனாஸ் திகைத்து நின்றார். தாம் செய்த குற்றம் என்னவென்று அமலியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியாக, சாக்கைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இவங்க வெளியேறுறாங்களா, திரும்பி வாறாங்களான்னு கேக்கறாருங்க" என்றார் அமலி.

பொங்கியண்ணன் குனிந்தார். பதினேழு கட்டைகள் கிடந்த சாக்கின் வாயை முறுக்கி, முதுகில் ஏற்றிக்கொண்டார். இருபத்தைந்து வீடுகள் மிச்சம். முதல் வீடு குமாரசாமியுடையது. வெறுங்காலோடு நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு, தொண்டை கிழியக் குமாரசாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்கவில்லை.