கறுப்பு மாமாவுக்கு ஒரு நிழல்

மூன்றாம் வகுப்பு டீச்சர் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை முடிந்ததும் பெரிய மேடம் அவள் பாடத்தைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடத்தில் கட்டியாயிற்று. இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

"கதை அளக்காதீங்க, பாடம் நடத்துங்க" என்று மேடம் முன்னமே எச்சரித்திருந்தார். சொன்னால் கேட்கிற வாயா அது! இடைவேளைக்கு முன்பே அளக்க ஆரம்பித்துவிட்டது.

"சூரியன்ல இருந்து வெளிச்சம் அலை அலையா வருது. குளத்து அலைக்குத் தண்ணி வேணும். இதுக்குத் தண்ணியும் வேணாம், காத்தும் வேணாம். வரும்போது கையை வீசிக்கிட்டு வராது, சக்தியைத் தூக்கிக்கிட்டு வரும்."

மேசைமேல் தண்ணீர் ஊற்றிய இரண்டு தகர டப்பாக்கள். ஒன்று பளபளவென்று தேய்த்தது. இன்னொன்றுக்குக் கறுப்புப் பெயின்ட்.

"இந்தப் பளபள மாமா வந்த வெளிச்சத்தை வாசலோட திருப்பி அனுப்பிடுவார். கறுப்பு மாமா அப்படியில்ல, வாங்க வாங்கன்னு உள்ள கூப்பிட்டுக்குவார். அப்போ யாருக்குச் சூடு ஏறும்?"

"கறுப்பு மாமாவுக்கு!" என்று வகுப்பே கத்தியது. ஒருத்தி மட்டும் கத்தவில்லை. அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். யாராவது பென்சிலைக் கடித்தால்கூடப் பென்சில் சார்பில் எழுந்து நிற்பாள்.

மணி அடித்தது. டப்பாக்களை மைதானத்து வெயிலில் வைத்துவிட்டு, டீச்சர் மேடத்தை அழைக்கப் போனாள்.

இடைவேளை முடிந்தது. பிள்ளைகள் வட்டமாக நிற்க, மேடம் கறுப்புக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் தெர்மாமீட்டரை இரண்டு டப்பாவிலும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பளபளப்புதான் சூடாக இருந்தது. கறுப்பு சும்மா வெதுவெதுவென்று கிடந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை!

மாற்றிச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மேடம் எட்டித்தான் நின்றார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தாள். இத்தனை கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"நான் சொன்னதுக்கு நேர்மாறா வந்திருக்கு. ஏன்னு தெரியல" என்றாள்.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "இதுக்குத்தான் கதை வேணாம்னேன்."

அப்போது குட்டி வக்கீல் கையைத் தூக்கினாள். "டீச்சர், இடைவேளை முழுக்க நான் கறுப்பு மாமாவுக்கு மறைப்பா நின்னேன்."

"அதான் இவ ஓடிப் பிடிக்க வரல!" என்றது ஒரு குரல்.

"ஏன்டி கண்ணு?"

"அவர்தானே நல்லவர், எல்லாரையும் உள்ள கூப்பிடறார். அவருக்கே சூடுன்னா அநியாயம் இல்லையா? ஆனா டீச்சர், என் முதுகு சுட்டுச்சு."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மேடம், கொஞ்சம் இவ முதுகைத் தொட்டுப் பாருங்களேன்!"

மேடம் தயங்கித் தயங்கித் தொட்டார். கை அங்கேயே நின்றது. "ஆமா, நல்லா சுடுது."

"வெளிச்சம் நம்ம விருந்தாளி. விருந்தாளி வெறுங்கையோட வருவாங்களா? அவங்க டப்பாவுக்குக் கொண்டுவந்த சூட்டை நீ நடுவுல நின்னு வாங்கிக்கிட்ட. அது தண்டனை இல்லடி, சீர்!" என்றாள் டீச்சர்.

"ஐயையோ, அப்போ நான் திருடிட்டேனா?"

மேடமே சிரித்துவிட்டார். "இன்னொரு தடவை வைங்க. யாரும் குறுக்க நிக்காதீங்க."

தண்ணீரை மாற்றி மறுபடி வைத்தார்கள். காத்திருந்தார்கள். மேடத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. குட்டி வக்கீல் அவர் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், மெல்ல நகர்ந்து இரண்டுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளிக்கோ கண்ணு, எனக்கு வர்றது வரட்டும்" என்றார் மேடம்.

இந்த முறை கறுப்பு மாமாதான் ஜெயித்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைக்குமேல் காக்கை எல்லாம் பறந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே மேடம் டீச்சர் பக்கம் குனிந்து கேட்டார்: "அடுத்த மாசம் ஒலி பாடமாச்சே. அதுக்கு எந்த மாமாவைக் கூட்டிட்டு வரப்போறீங்க?"

டீச்சரிடம் கேட்க வேண்டுமா? அந்த வாய் அப்போதே அளக்க ஆரம்பித்துவிட்டது.